நீண்ட பாராங்கும் சிவப்புத் துண்டும்

ஜொகூர்: போர்க்கால வரலாறு – பகுதி 9

சென்ற பகுதி 1942 ஜனவரியோடு நின்றது. அந்த மாதம் 22ஆம் தேதி பத்து பகாட் வட்டாரத்துப் பாரிட் சூலோங்கில், நடக்க முடியாமல் விட்டுச்செல்லப்பட்ட ஆஸ்திரேலிய, இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியர் கொன்று எரித்தார்கள். மூன்று நாள் கழித்து, குளுவாங் பக்கம் நியோரில், 11ஆம் சீக்கியப் படைப்பிரிவின் 5ஆம் பட்டாளம் துப்பாக்கிமுனையில் கத்தியைச் செருகிக்கொண்டு பாய்ந்து ஜப்பானியரைத் திணறடித்தது. டாங்கியும் விமானமும் வந்துவிட்ட போரிலும் கத்திக்கு வேலை இருந்தது. ஆனால் அவையெல்லாம் ராணுவம் கொடுத்த கத்திகள். கணக்கில் ஏற்றி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வழங்கப்பட்டவை. மூன்று ஆண்டு கழித்து அதே பத்து பகாட் வட்டாரத்தில் வெளியே வந்த கத்தியை எந்த ராணுவமும் கொடுக்கவில்லை. அது கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீட்டின் பலகைச் சுவரில் செருகிக் கிடந்தது.

பாராங்.

வாய்க்கால் கரை ஊர்கள்

மலாக்கா நீரிணையை ஒட்டி மூவாரிலிருந்து பத்து பகாட் வழியாகத் தெற்கே இறங்கும் கரை தாழ்வான சேற்று நிலம். மழை பெய்தால் தண்ணீர் வடியாது. கடல் ஏறினால் உப்பு புகும். ஜாவாவிலிருந்தும், போர்னியோவின் பஞ்சார் நாட்டிலிருந்தும், சுலவேசியிலிருந்தும் தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறியவர்கள் அந்தச் சதுப்பை வாய்க்கால் வெட்டி வடியவைத்தார்கள். மலாயில் அந்த வாய்க்கால் பாரிட். வாய்க்காலின் பெயரே ஊரின் பெயராகிவிட்டது: பாரிட் ஜாவா, பாரிட் ராஜா, பாரிட் சூலோங்.

வாய்க்காலின் இரு கரையிலும் தென்னையும் பாக்கும் சிறுதோட்டப் பால்மரமும் வளர்ந்தன. உள்ளே தள்ளி, குளுவாங், ரெங்கம் பக்கம் பெரிய தோட்டங்கள். தமிழர்களின் லயங்கள் அங்கே இருந்தன. கடைத்தெருக்களிலும் காட்டோரக் காய்கறித் தோட்டங்களிலும் சீனர்கள். இவர்கள் எல்லாரிடமும் பொதுவாக இருந்த ஒரு கருவி பாராங்தான். தேங்காய் உரிக்க, புதர் வெட்ட, விறகு பிளக்க, வேலி அடிக்க, கோழி அறுக்க. காலையில் எடுத்த பாராங் மாலை வரை கையில் இருக்கும்.

அதன் உடலமைப்பைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் கூர், முதுகு தடித்தது. பிடியிலிருந்து முனை நோக்கிப் போகப் போக இரும்பு அகலமாகும். எடை முழுவதும் முன்பக்கம் விழுவதால் ஓங்கினால் போதும், வெட்டு தானாக இறங்கும். மணிக்கட்டுக்கு வேலை குறைவு. பிடி மரத்தில் அல்லது கொம்பில், கை வியர்த்தாலும் நழுவாதபடி நுனியில் வளைத்துச் செதுக்கியிருக்கும். உறை இரண்டு மரப்பலகைகளைச் சேர்த்துப் பிரம்பால் கட்டியது. கொல்லன் நெருப்பில் வாட்டி நீரில் தோய்ப்பது விளிம்பை மட்டுமே. முழுக்கத்தியையும் அப்படி இறுக்கினால் கட்டையில் பட்டதும் உடைந்துவிடும். பழைய லோரியின் ஸ்பிரிங் பட்டை கிடைத்தால் கொல்லனுக்குக் கொண்டாட்டம். அதைவிட நல்ல எஃகு கம்பத்துக்கு வந்து சேராது.

வீட்டுப் பாராங்குகள் முழங்கை நீளத்துக்குள் அடங்கிவிடும். இந்தப் பகுதியின் நாயகன் அதன் அண்ணன்: பாராங் பாஞ்சாங், நீண்ட பாராங். ஏறக்குறைய ஒரு வாள். வயல்வேலைக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை.

மூன்று நட்சத்திரம்

1945 தொடக்கத்தில் ஜொகூரில் அதிகாரம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பகலில் சாலையும் நகரமும் ஜப்பானியருடையவை. காடும் காட்டோரமும் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையுடையவை. தொப்பியில் மூன்று நட்சத்திரம் குத்தியிருந்ததால் மக்கள் அவர்களைப் பிந்தாங் தீகா என்றார்கள். மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைமையில் இயங்கிய அந்தப் படையில் பெரும்பான்மையோர் சீனர்கள். அதற்குக் காரணம் இருந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தவுடன் சீனர்களைத்தான் கூட்டம் கூட்டமாகப் பொறுக்கியெடுத்துக் கொன்றார்கள். உயிர் தப்பியவர்களில் பலருக்குக் காட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

மலாய்க்காரர்களின் நிலை வேறு. ஜப்பானியர் பழைய காவல்துறையையும் மாவட்ட நிர்வாகத்தையும் கலைக்கவில்லை. மலாய்க் காவலர்களையே கெரில்லா வேட்டைக்கு முன்னால் அனுப்பினார்கள். காட்டில் இருந்தவன் கண்ணுக்குச் சீருடை போட்ட மலாய்க்காரன் ஜப்பானியனின் கையாள். கம்பத்தில் இருந்தவன் கண்ணுக்கு இரவில் வந்து அரிசியும் பணமும் கேட்கும் சீனன் கொள்ளைக்காரன். இந்த இரண்டு பார்வைக்கும் நடுவே ஜப்பானியர் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

போர் முடியப்போகிறது என்ற பேச்சு பரவப் பரவக் கெரில்லாக்களின் பிடி கம்பங்களில் இறுகியது. வரி கேட்டார்கள். ஆள் கேட்டார்கள். காட்டிக்கொடுத்தவர் என்று பெயர் விழுந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஊர்த்தலைவர்களும் உண்டு. பலர் திரும்பி வரவில்லை. பள்ளிவாசலையும் வெள்ளிக்கிழமைத் தொழுகையையும் அவமதித்தார்கள் என்ற செய்திகள் கம்பம் கம்பமாகப் பரவின. எது நடந்தது, எது ஊதிப்பெருக்கப்பட்டது என்று அன்றைக்கு யாரும் நிறுத்து விசாரிக்கவில்லை.

1945 மே மாதம் பத்து பகாட், மூவார் மாவட்டங்களில் மோதல் வெடித்தது. மலாய்க் கூட்டங்கள் சீனக் குடியிருப்புகளைத் தாக்கின. ஆயுதம் ஏந்திய கெரில்லாக்களைத் தேடிப் போன பாராங், வழியில் அகப்பட்ட காய்கறித் தோட்டக்காரனையும் கடைக்காரனையும் பெண்களையும் குழந்தைகளையும் வெட்டியது. பதிலுக்குக் கெரில்லாக்கள் மலாய்க் கம்பங்களை எரித்தார்கள், சுட்டார்கள். இரு இனத்தாரும் மூட்டை முடிச்சோடு நகரங்களை நோக்கி ஓடினார்கள். வாய்க்கால் கரைகள் காலியாகின.

கியாய் சாலே

இந்தக் கொந்தளிப்பில் எழுந்த பெயர் சாலே பின் அப்துல் கரீம். பத்து பகாட்டின் மலாய், ஜாவானிய, பஞ்சார் மக்கள் அவரைக் கியாய் சாலே என்றார்கள். பிறகு பங்லிமா சாலே என்றும் அழைத்தார்கள். காதிரிய்யா சூஃபி வழியைச் சேர்ந்தவர். ஜொகூரோடு நெருங்கிய தொடர்புள்ள அறிஞர் சையத் முகம்மது நகிப் அல்-அத்தாஸ், மலாய் மக்களிடையே சூஃபி நெறி பற்றி 1963இல் எழுதிய சிறுநூலில் இவரைக் குறித்திருக்கிறார். வரலாற்றாசிரியர் சியா பூன் கெங் 1983இல் வெளியிட்ட ‘ரெட் ஸ்டார் ஓவர் மலாயா’ நூலில் பத்து பகாட் மோதல்கள் விரிவாக இடம்பெற்றன.

கியாய் சாலேயின் ஆட்கள் தோளில் குறுக்காகச் சிவப்புத் துண்டு அணிந்தார்கள். செலெம்பாங் மேரா என்ற பெயர் அதனால் வந்தது. தங்களைச் சபிலில்லா படை என்றும் சொல்லிக்கொண்டார்கள். சேருகிறவன் முதலில் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டும்: தொழுகை, நோன்பு, யாசின் அத்தியாயம் ஓதுதல், ஓதி ஊதிய நீர், உடலில் கட்டிக்கொள்ளும் அசிமாட் தாயத்து. சடங்கு முடிந்தவனைத் தோட்டா துளைக்காது என்பது நம்பிக்கை. விதிகளை மீறினால் காப்பு போய்விடும். செத்துப்போனவன் விதியை மீறியிருப்பான் என்று சொல்லிவிடலாம். ஆகவே ஒரு சாவும் நம்பிக்கையை அசைக்கவில்லை.

தலைவரைப் பற்றிய கதைகள் தொண்டர்களைப் பற்றியவற்றைவிடப் பெரியவை. அவர் கால் நனையாமல் ஆற்றைக் கடப்பார். கட்டிய கயிறு அவர் மூச்சுக்கு அறுந்துவிழும். அவர் குரல் கேட்டால் எதிரிக்குக் கையும் காலும் வராது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பறக்கும் பாராங்: அவர் ஏவினால் உறையிலிருந்து தானே எழுந்துபோய் வெட்டித் திரும்பும் என்றார்கள். பத்து பகாட்டின் முதியவர்கள் வாயில் இந்தக் கதை நெடுங்காலம் நின்றது.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுப் போனால் 1945 புரியாது. துப்பாக்கி இல்லாதவன் துப்பாக்கிக்காரனை நோக்கி ஐம்பது கஜம் ஓடவேண்டும். அந்த ஐம்பது கஜத்தைக் கடக்க அவனுக்கு ஏதாவது வேண்டும். ராணுவம் தன் சிப்பாய்க்கு அதைப் பயிற்சியாலும் கட்டளையாலும் கொடுக்கிறது. கம்பத்துக்காரனுக்கு அந்த வசதி இல்லை. யாசினும் சிவப்புத் துண்டும் அந்த இடத்தை நிரப்பின. கூடவே அவை ஒரு கூட்டத்தைப் படையாகவும் மாற்றின. ஜாவானியனும் பஞ்சாரியும் மலாய்க்காரனும் ஒரே துண்டு அணிந்தார்கள், ஒரே சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள்.

கத்தி எங்கே வென்றது

பாராங் துப்பாக்கியை வென்றதா? சில இடங்களில், சில இரவுகளில் வென்றது. காரணம் மந்திரமா என்பதை நம்புகிறவர்களுக்கு விட்டுவிடலாம். நிலத்தின் காரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. வாய்க்கால் நாட்டில் தூரம் தெரியாது. தென்னைக்கும் பாக்குக்கும் நடுவே புதர் மண்டிக் கிடக்கும். பத்தடிக்கு அப்பால் இருப்பவன் கண்ணில் படமாட்டான். இருட்டில், மழையில், சேற்றில் நடக்கும் சண்டையில் துப்பாக்கியின் நீண்ட கை குட்டையாகிவிடுகிறது. காட்டில் வெகுகாலம் கிடந்த துப்பாக்கி அடிக்கடி சிக்கும். ரவை எண்ணி எண்ணிச் செலவழிக்கவேண்டும். பாதை தெரிந்தவன் உள்ளூர்க்காரன்.

எதிரியின் மனத்திலும் கத்தி வேலை செய்தது. சுட்ட பிறகும் கூட்டம் நிற்காமல் வருகிறது என்றால், கதையை நம்பாதவனும் ஒரு கணம் தயங்குவான். வெட்டுக்காயத்தின் கோரத்தைப் பார்த்தவன் அடுத்த ஊருக்கு ஓடிப்போய்ச் சொல்வான். கூட்டம் வந்துசேரும் முன்பே ஊர் காலியாகும்.

ஆனால் கணக்கைச் சரியாகப் போடவேண்டும். ஆயுதம் ஏந்திய கெரில்லாவின் முன்னால் நின்றபோது சிவப்புத் துண்டுக்காரர்களும் செத்தார்கள். பாராங் அதிகம் கொன்றது நிராயுதபாணிகளை. இந்தக் கதையை வீரகாவியமாக மட்டும் சொல்கிறவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு கேள்வி: ஏன் 1945? ஏன் 1935இல் இல்லை? பாராங்கும் இருந்தது, யாசினும் இருந்தது, சீனரும் மலாயரும் இருந்தார்கள். 1935இல் அரசாங்கம் இருந்தது. காவல் நிலையம் இருந்தது, அதன் துப்பாக்கிகள் யாருடையவை என்ற குழப்பம் இல்லை. 1945இல் ஒருவரிடமும் முழு அதிகாரம் இல்லை. காவலனை நம்பமுடியாத, நீதிமன்றம் இயங்காத, துப்பாக்கி மாற்றானிடம் மட்டுமே இருக்கிற இடத்தில் மனிதன் தன் வீட்டுச் சுவரைப் பார்த்தான்.

ஓன் ஜாபார் குறுக்கே வந்தது

கலவரம் கைமீறியபோது பத்து பகாட்டின் மாவட்ட அதிகாரியாக அமர்த்தப்பட்டவர் டத்தோ ஓன் ஜாபார். ஜொகூரின் முதல் மந்திரி பெசாரின் மகன். பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். சுல்தானையே எழுத்தில் வாட்டி எடுத்துப் பகைத்துக்கொண்டு, பிறகு சமாதானமானவர். சீனத் தலைவர்களோடும் பேசினார், கம்பத்துத் தலைவர்களோடும் பேசினார்.

ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைந்தது. பிரிட்டிஷார் வந்து இறங்கியது செப்டம்பரில். இடைப்பட்ட வாரங்கள்தான் மலாயாவின் மிக ஆபத்தான வாரங்கள். பிந்தாங் தீகா காட்டைவிட்டு நகரங்களுக்குள் வந்தது. மக்கள் நீதிமன்றம் என்ற பெயரில் தண்டனைகள் நடந்தன. பத்து பகாட் நகரைத் தாக்குவது என்று கியாய் சாலேயின் ஆட்கள் திரண்டார்கள். நகரத்தில் கெரில்லாக்கள் மட்டும் இல்லை. அடைக்கலம் தேடி வந்த ஆயிரக்கணக்கான சீனக் குடும்பங்களும் இருந்தன.

ஓன் நேரே கியாய் சாலேயிடம் போனார். படை நகரவேண்டுமானால் முதலில் தன்னைத் தாண்டிப் போகட்டும் என்று நின்றார் என ஜொகூரில் சொல்கிறார்கள். சொன்ன வார்த்தை எதுவாக இருந்தாலும் விளைவு தெரியும்: தாக்குதல் நிறுத்தப்பட்டது. தோட்டா துளைக்காத படையைத் தடுத்தது ஒரு மாவட்ட அதிகாரியின் பேச்சு. கியாய் சாலே ஓனின் நண்பராகவே மாறினார். பின்னாளில் பெங்குலு என்ற வட்டாரத் தலைவர் பதவியும் பெற்றார்.

அடுத்த சில மாதங்களில் காட்சி தலைகீழாக மாறியது. அக்டோபர் 20 அன்று சுல்தான் இப்ராகிம், மலாய் மாநிலங்களைப் பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியில் ஒன்றாக்கும் மலாயன் யூனியன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஓன் 1946 ஜனவரியில் பத்து பகாட்டிலேயே ஓர் அமைப்பைத் தொடங்கினார்; மே 11 அன்று ஜொகூர் பாரு அரண்மனையில் அம்னோ கட்சி பிறந்தது, ஓன் அதன் தலைவரானார். வாய்க்கால் கரையில் வாள் ஏந்திய மலாய்க் கோபம் ஊர்வலமும் தீர்மானமும் தொப்பியில் சுற்றிய வெள்ளைத் துணியுமாக மாறி மலாயன் யூனியனை எதிர்த்தது. கட்சியின் கொடியில் வந்து அமர்ந்தது கெரிஸ், பாராங் அல்ல. கெரிஸ் அரண்மனையின் ஆயுதம். பரம்பரையும் சின்னமும் உடையது. உழவனின் பாராங்குக்குக் கொடியில் இடமில்லை.

ஜொகூரில் தணிந்தது மற்ற மாநிலங்களில் தணியவில்லை. 1945 நவம்பர் 6 அன்று நெகிரி செம்பிலானில் குவாலா பிலாவுக்கு அருகே பத்து கிக்கிரில் சுமார் 40 சீனர்கள் கொல்லப்பட்டார்கள்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1946 மார்ச்சில் பேராக்கின் பெக்கோர் கம்பத்தில் கொல்லப்பட்ட மலாய்க்காரர்கள் ஐம்பதுக்கும் மேல்.  இதற்கிடையே, 1945 டிசம்பர் 1 அன்று பிந்தாங் தீகாவை முறைப்படி கலைத்து, துப்பாக்கியை ஒப்படைத்த ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி கொடுத்தது பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம். பாராங்கை யாரும் விலைக்கு வாங்கவில்லை. எப்படி வாங்குவது? மறுநாள் காலையில் தேங்காய் வெட்ட அது வேண்டும்.

கடலுக்கு அப்பாலும்

இது ஜொகூருக்கு மட்டும் உரிய வினோதம் அல்ல. அதே 1945 கடைசியில் நடு ஜாவாவின் பாரக்கானில் கியாய் சுப்சி என்ற முதியவரிடம் மூங்கில் ஈட்டியை ஓதிவாங்க இளைஞர்கள் திரள் திரளாக வந்தார்கள். அந்த ஈட்டிகளோடு டச்சு ஆட்சி திரும்புவதை எதிர்க்கப் போனார்கள். பத்து பகாட்டின் ஜாவானியருக்கு இந்தச் செய்திகள் சொந்த ஊர்ச் செய்திகள்.

அதே போரில் பர்மா முனையில் கலாடான் பள்ளத்தாக்கில் இறங்கிய 81ஆம் மேற்கு ஆப்பிரிக்க டிவிஷனில் நைஜீரியா, கோல்டு கோஸ்ட், சியரா லியோன், காம்பியா நாட்டுச் சிப்பாய்கள் இருந்தார்கள். சாலையில்லாத காட்டில் பாதை வெட்டிக்கொண்டே முன்னேறியவர்கள் அவர்கள். துப்பாக்கியோடு இடுப்பில் தொங்கிய நீண்ட வெட்டுக்கத்தி அவர்களுடைய அடையாளம். அவர்களின் ஊரிலும் அது தோட்டத்துக் கத்திதான்.

அரை நூற்றாண்டு கழித்து, 1991 முதல் 2002 வரை சியரா லியோனில் உள்நாட்டுப் போர் நடந்தபோது பத்து பகாட்டின் கதை ஏறக்குறைய முழுதாகத் திரும்ப நடந்தது. அரசு ராணுவத்தை நம்பமுடியவில்லை. கிளர்ச்சியாளர்கள் கிராமங்களைச் சூறையாடினார்கள், கத்தியால் கைகளை வெட்டினார்கள். மெண்டே இனத்துப் பாரம்பரிய வேட்டைக்காரர்களான கமாஜோர்கள் ஊர்க்காவல் படையாக எழுந்தார்கள். வேட்டைத் துப்பாக்கியும் வெட்டுக்கத்தியும் கையில், தாயத்து தைத்த சட்டை உடம்பில். தோட்டா துளைக்காத உடலைச் சடங்கில் தருபவராக அல்லியூ கொண்டேவா பெயர் பெற்றார். காவலாகத் தொடங்கிய படை பழிவாங்கவும் செய்தது. ஃப்ரீடவுனில் அமைந்த சிறப்பு நீதிமன்றம் 2007இல் கொண்டேவாவைப் போர்க்குற்றங்களுக்காகக் குற்றவாளி என்றது. அந்தப் படைகளின் தலைவர் சாம் ஹிங்கா நார்மன் தீர்ப்புக்கு முன்பே, அதே ஆண்டு பிப்ரவரியில் இறந்துபோனார்.

பத்து பகாட்டில் அப்படியொரு நீதிமன்றம் அமையவில்லை. இரு தரப்பிலும் கொன்றவர்கள் பெரும்பாலும் விசாரிக்கப்படாமலே போனார்கள்.

துப்பாக்கிக்குத் தூக்கு

1948 ஜூனில், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க, மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. பிரிட்டிஷார் 1945இன் பாடத்தைப் படித்திருந்தார்கள்: துப்பாக்கி அரசின் கையில் மட்டுமே இருக்கவேண்டும். அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்று விதி வந்தது. அந்த விதிக்கு இரையானவர்களில் தமிழர் மறக்காத பெயர் எஸ்.ஏ. கணபதி. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர்; ஒரு கைத்துப்பாக்கியும் சில ரவைகளும் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதே நாளில் மலாயாவின் லட்சக்கணக்கான வீடுகளில் பாராங் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு எந்தத் தண்டனையும் இல்லை.

அரசே கத்திக்குப் பேர்போனவர்களைக் கூலிக்கு அழைத்து வந்ததும் அதே காலத்தில்தான். சரவாக்கின் ஈபான்கள் 1948 முதல் தடம் பார்ப்பவர்களாக மலாயாவுக்கு வந்தார்கள். கூடவே தங்கள் பாராங்கையும் கொண்டுவந்தார்கள். ஈபானின் பாராங் ஈலாங் ஜொகூர்ப் பாராங் போன்றது அல்ல: அலகின் ஒரு முகம் புடைத்தும் மறுமுகம் குழிந்தும் இருக்கும். வெட்டு ஒரு பக்கமாகவே சாயும். ஆகவே வலக்கைக்காரனின் கத்தி இடக்கைக்காரனுக்கு உதவாது. காட்டில் முன்னால் நடப்பவர் ஈபான். மடங்கிய இலை, நசுங்கிய பாசி, சேற்றில் நீர் நிறையாத காலடி ஆகியவற்றைப் படித்துச் சொல்வார். பின்னால் பிரிட்டிஷ் சிப்பாய் வருவான்.

1952 ஏப்ரல் 28 அன்று லண்டனின் ‘டெய்லி வொர்க்கர்’ நாளிதழ் ஒரு படத்தை வெளியிட்டது: மலாயாவில் வெட்டப்பட்ட தலையோடு நிற்கும் பிரிட்டிஷ் கடற்படைக் காலாள். போலிப் படம் என்ற பேச்சு கிளம்பியது. குடியேற்றத்துறை அமைச்சர் ஆலிவர் லிட்டல்டன் நாடாளுமன்றத்தில் அது உண்மைதான் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பிணத்தைக் காட்டிலிருந்து சுமந்து வரமுடியாதபோது ஆளை அடையாளம் காண இப்படிச் செய்தார்கள் என்பது விளக்கம். 1945இல் கம்பத்துக்காரன் ஏந்திய கத்தி இப்போது அரசின் சம்பளப் பட்டியலில் இருந்தது.

அதே ஈபான்களில் ஒருவரின் பெயர் ஜொகூர் வரலாற்றில் வேறு காரணத்துக்காக நிற்கிறது. 1951 மே 27 அன்று வொர்செஸ்டர்ஷயர் படைப்பிரிவின் ரோந்து ஒன்று ஜொகூர்க் காட்டில் பதுங்குத் தாக்குதலில் சிக்கியது. தாக்கியவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர். முன்னால் நடந்த சிப்பாய் விழுந்தான். அவாங் அனாக் ராவேங் என்ற ஈபானுக்குத் தொடையில் குண்டு; பக்கத்தில் ஒரு சிப்பாய்க்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியிருந்தது. அவாங் அவனை இழுத்துப் பாதையோரம் போட்டுவிட்டுச் சுட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கையிலும் குண்டு பாய்ந்தது. துப்பாக்கி பிடிக்க முடியவில்லை. ஊர்ந்து போய்ச் சிப்பாயிடம் இருந்த கையெறிகுண்டை வாங்கி, ஊசியை உருவிவிட்டு, நல்ல கையில் பிடித்தபடி அவன் மேல் சாய்ந்து காத்திருந்தார். நெருங்கினால் எல்லாரும் போவோம் என்பது எதிரிகளுக்கும் புரிந்தது. திரும்பிப் போனார்கள். இருவரும் பிழைத்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் அவாங்குக்கு ஜார்ஜ் கிராஸ் அறிவிக்கப்பட்டது. அவர் 2020 செப்டம்பரில் காலமானார். பாராங்குக்காகப் பேசப்பட்ட இனத்தின் மிகப் பெரிய பதக்கத்தைப் பெற்றுத்தந்தது ஒரு கையெறிகுண்டு.

சட்டப் புத்தகத்தில்

சுதந்திரத்துக்கு அடுத்த ஆண்டு, 1958இல், அரிக்கும் பொருள்களையும் வெடிபொருள்களையும் தாக்கும் ஆயுதங்களையும் பற்றிய சட்டம் வந்தது. பொது இடத்தில் தக்க காரணமில்லாமல் அத்தகைய ஆயுதத்தைக் கொண்டுபோவது குற்றம். இரும்பு ஒன்றுதான், எங்கே, எதற்கு என்பதில் குற்றம் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்துக்குப் போகும் மோட்டார் சைக்கிளில் கட்டிய பாராங்கைக் காவலர் கவனிக்கமாட்டார். இரவு பதினொரு மணிக்குக் காரின் இருக்கைக்கு அடியில் கிடந்தால் நீதிமன்றம். 1969 மே 13இல் கோலாலம்பூர் எரிந்தபோது பாராங் மறுபடி தெருவுக்கு வந்தது. சிவப்புத் துண்டும் தாயத்தும் பற்றிய பேச்சும் கூடவே கிளம்பியது. இன்று நாளிதழில் அந்தச் சொல் பெரும்பாலும் கொள்ளைச் செய்திகளில் வருகிறது.

அவசரகாலத்தில் ஜொகூர்த் தோட்டங்களின் வாசலில் தினமும் விடியற்காலை ஒரு சோதனை நடந்தது. பால்மரம் சீவப் போகும் ஆணையும் பெண்ணையும் நிறுத்தித் தடவிப் பார்த்தார்கள். கத்தியைத் தேடவில்லை; அது எல்லார் கையிலும் வெளிப்படையாக இருந்தது. தேடியது மடியில் முடிந்த அரிசியை. காட்டுக்குள் ஒரு பிடி சோறு போய்விடக்கூடாது என்ற அந்தத் திட்டம் 1950 ஜூன் 1 அன்று ஜொகூரில்தான் முதலில் தொடங்கியது. முள்வேலி, புதுக்கிராமம், அரிசிப் பங்கீடு, தோட்டத் தமிழர்களை ஒரே இடத்தில் குவித்தது ஆகியவை அடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின் கதை அடுத்த பகுதியில்.